தொழுவத்து மாடும் வீட்டு மகளும்



இந்த வாரத் தியானத்திற்கு நாம் எடுத்துக்கொள்ளும் வேதபகுதி லூக்கா 13:10–17.

பதினெட்டு வருஷமாகக் கூனிப்போயிருந்த ஒரு ஸ்திரீயை ஆண்டவர் ஓய்வுநாளில் சுகமாக்கிய சம்பவத்தை நாம் சிறுவயது முதல் அறிந்திருக்கிறோம். ஜெப ஆலயத் தலைவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் சுகமாக்குதலை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், நாளைத்தான் மறுத்தான். வேலைக்கென்று வாரத்தில் வேறு நாட்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றில் வரலாமே என்பது அவன் வாதம். இத்தனை வருஷம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன என்பதே அதன் உட்பொருள். ஆண்டவரோ அவனுக்குத் தொழுவத்தைச் சுட்டிக்காட்டினார். ஓய்வுநாள் என்று பாராமல் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிற நீங்கள், ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை மாத்திரம் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இன்று நம்முடைய வீடுகளுக்குள் கொண்டுவர விரும்புகிறேன். பிள்ளை பெற்று இரண்டு மூன்று வாரமே ஆன ஒரு மகள், மார்பில் வலியோடும் குளிர்காய்ச்சலோடும் குழந்தைக்குப் பாலூட்டுகிறபோது நாம் அவளை எப்படி நடத்துகிறோம் என்பதே இந்தத் தியானத்தின் பொருள்.

ஓர் ஆயர் இதைப்பற்றி எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். பரிசுத்த வேதாகமம் தயங்கவில்லை. ஏசாயா 49-ஆம் அதிகாரத்தில், தம்முடைய ஜனத்தை மறவாத தம் அன்புக்கு ஒப்பனை தேடுகிற கர்த்தர், பாலூட்டுகிற தாயைத்தான் தெரிந்துகொள்கிறார். அந்த ஒப்பனையின் ஆழம் பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்கு நன்றாய் விளங்கும். பாலூட்டும் வேளை தப்பினால் மார்பு கனத்துக் கடுக்கும். தாய் அயர்ந்து மறந்தாலும் அவளுடைய சரீரம் பிள்ளையை அவளுக்கு நினைப்பூட்டும். தேவன் தமது அன்பைச் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தச் சரீரத்தின் நோவை நாம் கூச்சமான பேச்சு என்று ஒதுக்குவது தகுதியல்ல.

பிரியமானவர்களே, வீரகேரளம்புதூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மாட்டை அறியாதவர்கள் குறைவு. ஆகவே ஆண்டவர் காட்டிய தொழுவத்திலிருந்தே தொடங்குகிறேன். விடியற்காலையில் பால் கறக்கப்போகிறீர்கள். மடியின் ஒரு பக்கம் சூடாக, கல்லைப்போல் இருக்கிறது. கை வைத்தவுடன் மாடு உதைக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது. என்ன செய்வீர்கள்? மடிநோய் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குத் தகவல் போகும்; இல்லாவிட்டால் 1962-க்கு அழைப்பீர்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் சொல்வதில்லை. தாமதித்தால் அந்தக் காம்பு கெட்டுப் பால் நின்றுபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஞாயிற்றுக்கிழமையாயிருந்தாலும் நீங்கள் காத்திருப்பதில்லை.

மாட்டின் மடிநோய்க்கும், பாலூட்டும் தாய்க்கு வருகிற மார்பக அழற்சிக்கும் மருத்துவ நூல்களில் ஒரே பெயர்தான்: மாஸ்டைட்டிஸ். இரண்டிலும் பெரும்பாலும் காணப்படும் கிருமிகளுள் ஒன்றாகிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் ஒன்றே. ஆனால் மாட்டுக்கு நாம் காட்டுகிற அவசரம் மகளுக்குக் கிடைக்கிறதா?

வீடு சந்திப்புகளில் நான் கேட்கிற வார்த்தைகள் உங்களுக்கும் பழக்கமானவையே. “பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும்.” “நாங்கள் எல்லாம் தாங்கவில்லையா?” “யாரோ கண் வைத்துவிட்டார்கள்.” “இரண்டு நாள் பொறு, சரியாகிவிடும்.” இவற்றைச் சொல்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்த மகளை நேசிக்கிறவர்களே இப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் இது ஜெப ஆலயத் தலைவனின் வாதந்தான்: வேறு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதை அறிந்துகொள்வது நல்லது. குழந்தை சரியாக மார்பைக் கவ்விக் குடிக்காவிட்டால் காம்பில் வெடிப்பு உண்டாகலாம். பாலும் சரியாக வெளியேறாமல் தேங்கும். பாலூட்டும் வேளைகள் தப்பினாலும், இறுக்கமான உள்ளாடை அழுத்தினாலும் அப்படியே நேரிடலாம். நம் பகுதியில் பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, அன்றையக் கணக்கை முடிக்கவேண்டுமே என்று, அழுகிற குழந்தையை இன்னும் சிறிது நேரம் ஆட்டித் தூங்கவைக்கிற தாய்மார் எத்தனைபேர்! அப்படித் தேங்கின இடம் வீங்கிச் சிவக்கிறது. வெடிப்பின் வழியாகக் கிருமி புகுந்தால் நோய் வலுக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்து மார்பில் ஒரு பகுதி மாத்திரம் சிவந்து, சூடாகி, கட்டியாகித் தொடமுடியாதபடி வலிக்கும். அதோடு 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், உடல்வலி யாவும் சேர்ந்துவரும். பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு நாட்களில் இரண்டு மார்புகளும் கனத்துப் பால் கட்டிக்கொள்வது வேறு, இது வேறு.

இந்த நோய் அதிகமாய் வருவது பிரசவத்துக்குப் பின் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் மூன்றாம் வாரத்தில் தாய் மருத்துவமனையில் இல்லை. நம் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய நோயை முதலில் காண்பவர்கள் நாமே. அவள் சிகிச்சைக்குப் போவதும் போகாததும் பெரும்பாலும் நம்முடைய வாயின் முதல் வார்த்தையைப் பொறுத்திருக்கிறது.

அழற்சி தொடங்கும்போதே ஓய்வெடுத்து, வழக்கம்போலப் பாலூட்டி, பாலூட்டியபின் குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றடமிட்டால் பலருக்கு ஒரு நாளுக்குள் குணமாகிவிடும். அப்படிக் குறையாவிட்டாலும், காய்ச்சல் உயர்ந்தாலும், காம்பிலிருந்து சீழோ இரத்தமோ வந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குமேல் காத்திருக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கில்லாத வலிமாத்திரைகளும் கிருமிக்கொல்லி மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்கவேண்டியவர் மருத்துவர். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது சரியல்ல. காய்ச்சல் விட்டவுடன் நடுவில் நிறுத்துவதும் தவறு. சிகிச்சை தாமதித்தால் உள்ளே சீழ் கட்டும். அப்பொழுது மாத்திரை மட்டும் போதாது. ஊசியினாலோ கத்தியினாலோ சீழை வெளியேற்றவேண்டி வரும். ஒரு நாள் பொறு என்று நாம் இலகுவாய்ச் சொல்லுகிற வார்த்தைக்கு அந்த மகள் செலுத்துகிற விலை இது.

இதுவரை, மாட்டுக்குக் காட்டுகிற அவசரத்தை மகளுக்கும் காட்டுங்கள் என்று சொன்னேன். இனி மாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும்.

மடிநோய் கண்ட மாட்டின் பாலை நாம் குடிப்பதில்லை. பால் சொசைட்டியில் ஊற்றுவதும் இல்லை. அது சரியே. அந்தப் பால் பல வீட்டுப் பாலோடு கலந்து, அந்நியர் பலருடைய வயிற்றுக்குப் போகிறது; மருந்தின் மிச்சமும் அதில் இருக்கும். இந்தப் பழக்கத்தினால்தான் போலும், தாய்க்கு மார்பில் நோய் வந்தவுடன் “பால் கெட்டுவிட்டது, பிள்ளைக்குக் கொடுக்காதே” என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு. தாயின் பால் அவளுடைய சொந்தக் குழந்தைக்கே போகிறது. அவள் தோலில் உள்ள கிருமிகளோடு ஏற்கெனவே பழகின குழந்தை அது. அக்கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் அவளுடைய பாலே அதற்குத் தருகிறது. ஆகவே மார்பக அழற்சி இருக்கும்போதும் பாலூட்டுதலைத் தொடரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நோயுள்ள மார்பிலும் கொடுக்கலாம். திடீரென்று நிறுத்தினால் பால் மேலும் தேங்கும். சீழ் கட்டும் ஆபத்தும் பெருகும்.

நோயுள்ள மார்பில் குழந்தை சிலவேளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைக் கண்டவுடன், பால் கெட்டது உண்மைதான் என்று பெரியவர்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள். அழற்சியின்போது பாலில் உப்புச்சுவை சற்றுக் கூடும். குழந்தை தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அது விஷமன்று. பொறுமையாய்த் திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் தாய்மாருக்கு மாத்திரம் இதில் விதிவிலக்கு உண்டு. அவர்கள் நோயுள்ள மார்பில் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

நம் வீடுகளில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படுகிற வேறு சில காரியங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. வீங்கின இடத்தைச் சூடான எண்ணெய் இட்டு அழுத்திப் பிசைவார்கள். புண்பட்ட திசு அதனால் மேலும் புண்படும். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துத் தடவுகிற மருந்தைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர்களே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது மாட்டின் மடிக்கு உரியது. பிள்ளை வாய் வைக்கிற இடத்தில் சுண்ணாம்பைத் தடவலாகாது.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுகிற வழக்கமும் உண்டு. 1988-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பால் சுரப்பை நிறுத்தும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மல்லிகையும் பால் சுரப்பை அடக்குகிறது என்று கண்டார்கள். குழந்தையை இழந்த தாயின் பாலை வற்றச்செய்ய நம் முன்னோர் அறிந்திருந்த வழி அது. அவர்களுடைய அறிவு பொய்யல்ல. ஆனால் உயிரோடிருந்து பசித்து அழுகிற குழந்தையின் தாய்க்கு மல்லிகையைக் கட்டுவது, அந்தக் குழந்தையின் ஆகாரத்தை அடைப்பதாகும்.

தாய்ப்பால் நின்றுபோவது அற்பமான காரியம் என்று எண்ணாதிருங்கள். நம் திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தாயற்ற கைக்குழந்தைகளை ஏற்றுக்கொண்ட ஆரம்ப வருஷங்களில், தாய்ப்பாலில்லாமல் அவர்களைப் பிழைக்கவைப்பது எத்தனை கடினம் என்பதைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டார். மருத்துவ உதவி அருகில் இருக்கவேண்டும் என்பதற்காக நெய்யூரில் மிஷன் மருத்துவமனைக்கு அருகே குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் நடத்தப்பட்டது. பொன்னம்மாள் என்னும் உடன் ஊழியக்காரி அதைக் கவனித்துவந்தார். அப்படியிருந்தும் பல குழந்தைகளைக் கல்லறையில் வைக்கவேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கிடையாத ஆகாரம், நம் வீட்டுக் குழந்தைக்குத் தாயின் மார்பில் இருக்கிறது. தவறான ஒரு வார்த்தையினால் நாம் அதை நிறுத்திவிடலாமா?

“நாங்கள் தாங்கவில்லையா?” என்று கேட்கிற தாய்மாருக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை சொல்கிறேன். நீங்கள் தாங்கினீர்கள் என்பது மெய். வேறு வழி இல்லாத காலத்தில், மருத்துவமனை எட்டாத ஊர்களில் நீங்கள் தாங்கினீர்கள். உங்கள் மகளுக்கு இன்று வழி இருக்கிறது. நீங்கள் பட்ட பாட்டை அவளும் படவேண்டும் என்று உங்கள் இருதயம் விரும்பாது என்பதை அறிவேன். பிள்ளைபெற்றவளை நாற்பது நாள் தாய்வீட்டில் வைத்து, பத்தியச் சாப்பாடு கொடுத்து, வேலை வாங்காமல் பார்த்துக்கொண்ட உங்கள் வழக்கம் மேன்மையானது. அதை விட்டுவிடாதிருங்கள். அதோடு, காய்ச்சல் கண்டவுடன் ஆட்டோவை அழையுங்கள்.

ஜெபித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஜெபியுங்கள், ஆட்டோவில் போகும்போதும் ஜெபியுங்கள். சுவிசேஷத்தை எழுதின லூக்கா ஒரு வைத்தியன் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறபோது அன்போடு குறிப்பிடுகிறார். அந்த மகளிடத்தில் பாவத்தையோ விசுவாசக் குறைவையோ தேடாதிருங்கள். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்தவளிடத்தில் ஆண்டவர் ஒரு காரணமும் கேட்கவில்லை. தலைவன் குற்றம் பேசின இடத்தில், ஆண்டவர் அவளை ஆபிரகாமின் குமாரத்தி என்று கனப்படுத்தினார்.

இப்பொழுது சபையாகிய நாம் செய்யக்கூடியவைகளைச் சொல்கிறேன்.

புருஷர்களே, எல்க்கானாவை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷாந்தரப் பலிக்குப் போகும் காலம் வந்தபோது, பிள்ளை பால்மறக்கும்வரை வீட்டில் இருக்கிறேன் என்றாள் அன்னாள். 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எல்க்கானா அவளை வற்புறுத்தவில்லை. அவளுக்கு நலமாய்த் தோன்றுகிறதைச் செய்ய விட்டான். பாலூட்டுகிற தாயின் சரீரம் சொல்லுவதற்குச் செவிகொடுப்பது புருஷனுடைய கடமை. இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், தண்ணீரும் ஆகாரமும் அவள் கைக்கருகே வைப்பதும், மருத்துவரிடம் கூட்டிப்போவதும் உங்களுக்கு இழுக்கல்ல.

பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளே, பிள்ளைபெற்ற வீட்டுக்குப் போகும்போது ஆலோசனைகளைக் குறைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கொண்டுபோங்கள். மூத்த பிள்ளையை அன்று பள்ளிக்கூடத்தில் விட்டுவாருங்கள், துணியைத் துவைத்துக்கொடுங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது மார்பின் வலியைப்பற்றியும் சொல்லும்படி அந்த மகளைத் தைரியப்படுத்துங்கள். வெட்கப்பட்டுத் தனியே போக அஞ்சுகிறாளானால், தென்காசிக்கோ சுரண்டைக்கோ அவளோடு கூடப்போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.

சபையின் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பேருந்து நிலையத்தில் கிடைக்கிற மறைவான இடம் ஆலயத்தில் கிடைக்கவேண்டாமா? நம்முடைய ஆராதனை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நடக்கிறது. பாலூட்ட இடமில்லாமல் அந்த நேரமெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய், நான் மேலே சொன்ன நோய்க்கு வழியைத் திறந்துவிடுகிறாள். ஓர் அறையும், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும், ஒரு மின்விசிறியும், கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போதும். ஆலயத்துக்கு வாங்கப்படும் அநேக பொருட்களைவிட இதற்குச் செலவு குறைவு.

எல்லா முயற்சியும் செய்தும் பாலூட்ட இயலாமற்போன தாய்மாரும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரும் நியாயந்தீர்க்க வேண்டாம். வலியும் இரவின் கண்ணீரும் அவர்கள் மாத்திரம் அறிந்தவை. நல்ல மேய்ப்பரைக்குறித்து ஏசாயா 40-ஆம் அதிகாரம் சொல்லும்போது, குட்டிகளையுடைய ஆடுகளுக்காக அவர் மெதுவாய் நடத்துகிறவர் என்று காட்டுகிறது. மந்தை முழுவதும் அவைகளின் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறது. சபையும் அப்படியே நடக்கட்டும்.

அன்பான மகளே, இதை நீயே வாசிப்பாயானால், ஆயராக உனக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, மார்பில் சிவந்து வலித்தால், அன்று ஆராதனைக்கு வரவேண்டாம், மருத்துவமனைக்குப் போ. குழந்தையை உன்னோடு எடுத்துக்கொண்டு போ; பாலையும் நிறுத்தாதே. நீ வராததை எவரும் கணக்கில் வைக்கமாட்டார்கள். ஓய்வுநாளில் உன்னைப்போன்ற ஒரு குமாரத்தியைக் காத்திருக்க விடாத ஆண்டவரையே நாங்கள் அன்று ஆலயத்தில் ஆராதித்துக்கொண்டிருப்போம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, பாலூட்டும் தாயின் அன்பை உம்முடைய அன்புக்கு ஒப்பனையாக்கினவரே, எங்கள் வீடுகளில் வேதனையோடு பிள்ளைகளைப் போஷிக்கிற மகள்களைத் தாங்கும். அவர்களுடைய வலியைக் கேட்கிற செவியையும், தாமதியாமல் எழுந்து உதவுகிற கைகளையும் எங்களுக்குத் தாரும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.